கொதிநிலை பார்த்து இறக்கவும்: சர்வீஸ் மேனுவல் எப்படி இயங்குகிறது?

ஒவ்வொரு காருக்கும் இரண்டு புத்தகங்கள் உண்டு. வாங்குகிறவர் கைக்கு வருவது ஒன்றுதான். டேஷ்போர்டுப் பெட்டியில் கிடக்கும் அந்தச் சின்னப் புத்தகம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்காக எழுதப்பட்டது. எந்தப் பொத்தான் எதற்கு, டயரில் எவ்வளவு காற்று, எந்த விளக்கு எரிந்தால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்பதோடு அது முடிந்துவிடும். இன்னொன்று அடுப்படியில் நிற்கிறவருக்காக எழுதப்பட்டது. அந்த வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் எப்படிக் கழற்றுவது, எதை அளப்பது, எந்த அளவைத் தாண்டினால் தூக்கிப் போடுவது, எந்த வரிசையில் எவ்வளவு இறுக்கித் திரும்ப மாட்டுவது என்று நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குப் போகும் அதுதான் சர்வீஸ் மேனுவல்.

1951-ல் எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வெளிவந்தபோது, மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்குப் பக்குவமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு வித்தை, அளவும் வரிசையுமாகக் காகிதத்தில் ஏறியது. ஒரு கைப்பிடி என்றால் யாருடைய கை என்ற கேள்விக்கு அந்தப் புத்தகத்தில் பதில் இருந்தது. பட்டறையிலும் இதே கேள்விதான். “நல்லா டைட் வை” என்பதில் அந்த ‘நல்லா’ எவ்வளவு? கை பழகியவருக்கு அது தெரியும். அவர் இல்லாத நாளில் யாருக்குத் தெரியும்? மேனுவல் இதற்கு எண்ணில் பதில் சொல்கிறது.

திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் பள்ளிப்பட்டுக்கும் இடையில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆர்.கே.பேட்டை. அம்மையார்குப்பம் வரைக்கும் விசைத்தறிச் சத்தம் கேட்கும் பகுதி இது. இயந்திரத்தைக் கண்டு மிரளும் ஊர் இல்லை. ஆனால் இங்கே ஓடும் நடுத்தர கார்களில் பல இரண்டாவது, மூன்றாவது கை மாறி வந்தவை. கம்பெனி சர்வீஸ் என்றால் பெரும்பாலும் வெளியூருக்குத்தான் போக வேண்டும். சில வண்டிகளுக்கு அந்த வழியும் குறுகிவிட்டது. 1998-ல் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மிட்சுபிஷியோடு சேர்ந்து லான்சர் காரைத் தயாரிக்கத் தொடங்கியது. இன்று அந்த ஆலையிலிருந்து சிட்ரோயன் கார்கள் வருகின்றன. மறைமலை நகரில் ஐகானையும் ஃபியஸ்டாவையும் செய்த ஃபோர்டு, 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சமைத்தவர் ஊரை விட்டுப் போய்விட்டார், பாத்திரம் மட்டும் நம் வீட்டில் இருக்கிறது. அவர் எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்பு இப்போது பத்திரத்துக்குச் சமானம்.

புத்தகத்தைத் திறந்ததும் பலர் திகைத்துப்போவதற்குக் காரணம், அதைக் கதைப் புத்தகம்போல முதல் பக்கத்திலிருந்து படிக்கப் பார்ப்பதுதான். அது எண்களால் பிரிக்கப்பட்டது. மிட்சுபிஷி மேனுவலில் 11 என்றால் இன்ஜின், 13 எரிபொருள், 14 குளிர்விப்பு, 21 கிளட்ச், 35 பிரேக், 37 ஸ்டீயரிங், 54 வண்டியின் மின்சாரம், 55 ஏசி. மற்றக் கம்பெனிகளின் எண்கள் வேறாக இருக்கும், முறை ஒன்றுதான். முதலில் சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் பார்த்து, நம் வண்டிக்கான பதிப்பு இதுதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒரே பெயரில் பெட்ரோல், டீசல் என்று இரண்டு இன்ஜின் வந்த வண்டிகளில் பக்கம் மாறினால் எல்லாமே மாறிவிடும். பச்சரிசிக்கான தண்ணீர் அளவில் புழுங்கலரிசியை வைத்த கதைதான்.

ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் உள்கட்டமைப்பு ஒரே மாதிரி இருக்கும். தொடக்கத்தில் ஓர் அட்டவணை. அதில் இரண்டு பத்திகள்: ஒன்று சரியான அளவு, மற்றது கடைசி எல்லை. பிரேக் பேடு புதிதாக இருக்கும்போது 10 மி.மீ. கனம், எல்லை 2 மி.மீ. என்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது தேய்ந்ததுதான், ஆனாலும் ஓட்டலாம். இந்த இரண்டு பத்திகள் எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்தும் என்பதை அனுபவித்தால்தான் தெரியும். “பேடு போச்சு, மாத்திடலாம்” என்று சொன்னால், “எத்தனை மில்லி இருக்கு?” என்று கேட்க இது துணிவு தருகிறது. அட்டவணைக்குப் பிறகு தேவைப்படும் கருவிகள், ஆயில்கள், பசைகள். அதற்கும் பிறகு வெடித்துச் சிதறியதுபோல் உறுப்புகளைத் தள்ளித் தள்ளி வரைந்த படம். படத்திலுள்ள எண்கள் வெறும் அடையாளமல்ல, கழற்ற வேண்டிய வரிசை. மாட்டும்போது அதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். திரும்பப் பயன்படுத்தக்கூடாத வாஷருக்கும் சீலுக்கும் பக்கத்தில் தனிக் குறி இருக்கும். அதைப் பார்த்துப் புதிய உறுப்புகளைக் கடையில் வாங்கி வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும். தாளிக்க எண்ணெய் காய்ந்த பிறகு கடுகு டப்பாவைத் தேடினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

இனி ஒரு வேலையை எடுத்து முழுதாகப் பார்க்கலாம். இந்தப் பகுதிக்குப் பொருத்தமானது இன்ஜின் சூடேறுவது. கோடையில் தமிழகத்தின் வெயில் பட்டியலில் அடிக்கடி மேலே வரும் பெயர் திருத்தணி. அந்த வெயிலில் ஏசி போட்டு, ஐந்து பேர் உட்கார்ந்து, கிருத்திகை நெரிசலில் மலைப்பாதையில் ஊர்ந்து ஏறும் வண்டியில் மீட்டர் முள் சிவப்பை நோக்கிப் போகிறது. வண்டி நின்றால் ஆளுக்கொரு யோசனை வரும். ரேடியேட்டரை மாத்து என்பார் ஒருவர், ஹெட் கேஸ்கட் போயிருக்கும் என்பார் இன்னொருவர். மேனுவலின் 14-ஆம் பிரிவு அவசரப்படாது. விலை குறைந்ததும் எளிதில் பார்க்கக்கூடியதும் முதலில், கழற்றக் கடினமானது கடைசியில் என்ற ஒழுங்கில் அழைத்துப் போகும்.

முதலில் அந்த அமைப்பே எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். ரேடியேட்டர் என்பது பிரஷர் குக்கரின் உறவுக்காரன். குக்கர் வெயிட் அழுத்தத்தைக் கூட்டுவதால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 120 வரை தாங்குகிறது, அதனால் பருப்பு (நம் பக்கத்தில் பல வீடுகளில் பப்பு) சீக்கிரம் வேகிறது. ரேடியேட்டர் மூடியும் இதையே செய்கிறது. 0.9 பார் என்று அச்சிட்ட மூடி, உள்ளிருக்கும் வெறும் தண்ணீரையே சுமார் 119 டிகிரி வரை கொதிக்க விடாது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் எல்லை இன்னும் மேலே போகும். மூடியின் ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் அழுத்தம் நிற்காது, 100-ஐ ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். கேஸ்கட் தேய்ந்த குக்கரில் ஓரமாக ஆவி சீறும்போது பருப்பு வேகாததற்கு அடுப்பைக் குறை சொல்வோமா? சில நூறு ரூபாய் மூடிதான் காரணம் என்று தெரியாமல் பல ஆயிரம் ரூபாய் ரேடியேட்டரை மாற்றியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால்தான் மேனுவல், கூலன்ட் அளவையும் ஒழுக்கையும் பார்த்த கையோடு மூடியை அழுத்தக் கருவியில் வைத்துச் சோதிக்கச் சொல்கிறது.

அந்த மூடியில் இரண்டாவதாக ஒரு குட்டி வால்வும் உண்டு. சூட்டில் விரிந்த கூலன்ட் பக்கத்து டப்பாவுக்குப் போய்விடும். இன்ஜின் ஆறியதும் உள்ளே உண்டாகும் வெற்றிடம், இந்தக் குட்டி வால்வு வழியாக அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அது அடைத்துக்கொண்டால், வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப்போய் இருக்கும். கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

இதே இடத்தில் தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கை: சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே. அழுத்தம் அடங்காத குக்கரைத் திறப்பதில் என்ன ஆபத்தோ அதே ஆபத்துதான். அழுத்தம் போன நொடியில் 110 டிகிரித் தண்ணீரில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகி, மிச்சத்தையும் தள்ளிக்கொண்டு பொங்கி முகத்தில் அடிக்கும். பதற்றத்தில் ஓரங்கட்டி உடனே மூடியில் கை வைக்கிறவர்களுக்காக அந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

மூடி நன்றாக இருந்தால் அடுத்தது தெர்மோஸ்டாட். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பட்டறைகளில் மிக அதிகமாக அநியாயம் செய்யப்படும் உறுப்பு இதுதான். “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குண்ணே, கழட்டிப் போட்டா வண்டி சும்மா ஜில்லுனு ஓடும்” என்று சொல்லிக் கழற்றி எறிவது வழக்கம். சொல்கிறவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். மேனுவலில் இருக்கும் நீரோட்டப் படத்தைப் பார்த்தால் அது ஏன் தவறு என்று புரியும்.

தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு சின்னக் குப்பியில் மெழுகு இருக்கிறது. குறித்த சூட்டில் மெழுகு உருகி விரிந்து ஒரு கம்பியைத் தள்ள, வால்வு திறந்து கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். திறக்கும் சூடு அதன் உடம்பிலேயே 82 அல்லது 88 என்பதுபோல் பொறிக்கப்பட்டிருக்கும். மூடியிருக்கும்போது கூலன்ட் இன்ஜினுக்குள்ளேயே குறுக்கு வழியில் சுற்றிச் சீக்கிரம் சூடேறும். பல இன்ஜின்களில் வால்வு திறக்கும் அதே அசைவில் அந்தக் குறுக்கு வழி அடைபடும். இதைக் கழற்றி எறிந்தால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப இன்ஜினுக்குள் நுழையும். மலை ஏறும்போது, எந்தச் சூட்டைத் தவிர்க்கக் கழற்றினார்களோ அந்தச் சூடே அதிகமாகும். சமவெளியில் காலியாக ஓடும்போது நேர்மாறு. இன்ஜின் ஓட வேண்டிய சூட்டுக்கு வந்து சேராது. குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், மைலேஜ் இறங்கும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் தங்கிச் சேறு கட்டும். இட்லிப் பானைக்குத் தீ பத்தாவிட்டால் மாவு வேகாமல் நசநசவென்று நிற்குமே, அந்த நிலையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் இன்ஜின் அது.

தெர்மோஸ்டாட் கெட்டிருக்கிறதா என்று சோதிக்க மேனுவல் சொல்லும் வழி எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குப் பட்டறையே வேண்டாம், அடுப்பு போதும். பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் ஒன்றையும் தொங்கவிட வேண்டும். அடியில் பட்டால் தண்ணீரின் சூட்டுக்குப் பதில் பாத்திரத்தின் சூட்டை அது காட்டிவிடும். தண்ணீரைக் கிளறிக்கொண்டே சூடேற்ற வேண்டும். எந்த டிகிரியில் வால்வு வாய் திறக்கத் தொடங்குகிறது, எந்த டிகிரியில் முழுதாகத் திறக்கிறது, அப்போது எத்தனை மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்ற மூன்றையும் குறித்து அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். முழுத் திறப்பு பொதுவாக 8 மி.மீ. அளவில் இருக்கும். பிறகு ஆறவிட்டு, மூடிக்கொள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், அதுவும் இனிக்கும் விஷம். ஆகவே இதற்குப் பயன்படுத்திய பாத்திரம் மறுபடி சமையலுக்குக் கூடாது. வடித்த பழைய கூலன்ட்டைக் குழந்தையும் நாயும் எட்டும் இடத்தில் வைக்கவும் கூடாது.

தெர்மோஸ்டாட்டும் சரி என்றால் ஃபேன். வண்டி வேகமாக ஓடும்போது காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். ஊர்ந்து போகும்போது மட்டும் சூடேறுகிறது, ஓட்டத்தில் இறங்கிவிடுகிறது என்றால் சந்தேகம் முதலில் ஃபேன் மீதுதான் விழ வேண்டும். இதற்கு வயரிங் படத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். கோலத்தைப் பார்த்து மிரளுவதுபோல் மொத்தப் படத்தையும் பார்க்கக் கூடாது. ஃபேன் மோட்டாரில் விரலை வைத்து, மின்சாரம் வரும் வழியில் பின்னோக்கிப் போக வேண்டும். மோட்டார், ரிலே, ஃப்யூஸ், பாட்டரி, அவ்வளவுதான் பாதை. அங்கங்கே வயரின் நிறம் எழுத்தில் குறித்திருக்கும். ஜப்பானிய மேனுவல்களில் ‘பி’ கறுப்பு, நீலத்துக்கு ‘எல்’. இரண்டு எழுத்து இருந்தால் முதலாவது வயரின் நிறம், அடுத்தது அதன்மேல் ஓடும் கோடு. மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்தால், எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

ஃபேனைப் போடச் சொல்வது சூட்டை அளக்கும் சென்சார். இது ஒரு சின்ன மின்தடை. சூடு ஏற ஏற அதன் ஓம் அளவு இறங்கும். மிட்சுபிஷியின் பல மாடல்களில் 20 டிகிரியில் ஏறக்குறைய 2.1 முதல் 2.7 கிலோ ஓம், 80 டிகிரியில் 0.26 முதல் 0.36 கிலோ ஓம். தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்ட அதே வெந்நீரில் இதன் முனையையும் நனைத்து மீட்டரில் பார்த்துவிடலாம். புதுச் சென்சார் வாங்கி மாட்டிப் பார்ப்பதைவிட இது மலிவு. 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் ஓபிடி-2 என்னும் தற்சோதனை அமைப்பு கட்டாயம் என்பதால், ஸ்கேனரைச் செருகினால் கோளாறு எண் ஒன்றைக் காட்டும். அந்த எண்ணை நம்பி உடனே உறுப்பை மாற்றுகிறவர்கள் அதிகம். எண் சொல்வது ‘சென்சார் வழியில் அளவு தப்பாக வருகிறது’ என்பது மட்டும்தான். சென்சார் கெட்டதா, வயர் அறுந்ததா, பிளக்கில் களிம்பு பிடித்ததா என்று பிரித்துச் சொல்லும் வேலை மேனுவலில் அந்த எண்ணுக்கு எதிரே உள்ள பக்கத்தில் நடக்கிறது.

இதற்குப் பிறகும் பிடிபடவில்லை என்றால் வாட்டர் பம்ப், அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், கடைசியாக ஹெட் கேஸ்கட். போர் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டருக்குள், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே உப்புப் படலம் படிந்திருக்கும். அதனால்தான் காய்ச்சி வடித்த நீரோடு கூலன்ட் கலக்கச் சொல்கிறார்கள். ஹெட் கேஸ்கட்டுக்கு வந்துவிட்டால் சிலிண்டர்களின் அழுத்தத்தை ஒவ்வொன்றாக அளந்து, வித்தியாசம் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்காமல் ஹெட்டை இறக்கக் கூடாது.

பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. தெர்மோஸ்டாட்டோடு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி மாட்ட வேண்டும். கழற்றுவதைவிட மாட்டுவதில்தான் மேனுவல் தன் முழு மதிப்பைக் காட்டுகிறது.

புதுத் தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் ஒரு குட்டி ஆணி ஆடிக்கொண்டிருக்கும். காற்று வெளியேறுவதற்கான ஓட்டையில் ஆடும் ஆணி அது. படத்தில் காட்டியபடி அந்தப் பக்கம் மேலே வர வேண்டும். திருப்பி வைத்தால் காற்று உள்ளே தங்கி, புது உறுப்போடும் வண்டி சூடேறும். பிறகு புதுக் கேஸ்கட் வைத்து, மேல்மூடியின் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். இவை பெரும்பாலும் 6 மி.மீ. போல்ட், இறுக்கம் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். அது எவ்வளவு? ஒரு மீட்டர் நீளக் கம்பின் நுனியில் ஒரு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் மறுமுனையில் ஏற்படும் முறுக்குதான் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். சின்ன அளவு. வீல் நட்டுக்கு இதுபோல் ஒன்பது, பத்து மடங்கு வேண்டும். வீல் நட்டுக்குப் பழகிய கை இந்தப் போல்ட்டைத் தொட்டால் அலுமினியத்தில் மரை வழுக்கிவிடும்.

இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பலரும் யோசிப்பதில்லை. போல்ட்டை இறுக்க நாம் போடும் பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியிலும், மீதி மரையிலும். மிஞ்சும் ஒரு பங்குதான் போல்ட்டை மயிரிழை அளவு இழுத்து நீட்டுகிறது. நீண்ட போல்ட் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருக்கம்தான் இரண்டு உறுப்புகளையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஆகவே மரையில் ஆயில் தடவினால் உராய்வு குறைந்து, அதே எண்ணில் போல்ட் மிக அதிகமாக நீண்டுவிடும், அறுந்தும் போகலாம். ‘ஆயில் தடவி இறுக்கவும்’ என்று ஒரு போல்ட்டுக்கு மட்டும் எழுதியிருந்தால் அதற்கு மட்டும்தான் தடவ வேண்டும். அடுத்த போல்ட்டுக்கு எழுதாமல் விட்டதும் வேண்டுமென்றுதான். உப்பு போட்ட பொடிக்கும் போடாத பொடிக்கும் ஒரே அளவில் உப்பு சேர்க்கிறவர் உண்டா?

ஹெட் போல்ட் போன்ற பெரிய இடங்களில் இன்னும் நுட்பம். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, படத்தில் எண் போட்ட வரிசையில், ஒரேயடியாக இல்லாமல் படிப்படியாக இறுக்க வேண்டும். பல இன்ஜின்களில் ஒரு குறித்த அளவு வரை டார்க் ரெஞ்ச்சில் இறுக்கிவிட்டு, அதன்பின் 90 டிகிரி, மீண்டும் ஒரு 90 டிகிரி என்று கோணத்தை அளந்து திருப்பச் சொல்கிறார்கள். உராய்வு ஏமாற்றினாலும் கோணம் ஏமாற்றாது என்பதே காரணம். அப்படி நீட்டிய போல்ட்டின் நீளத்தை அளந்து, எல்லை தாண்டியிருந்தால் எறிந்துவிட வேண்டும். டார்க் ரெஞ்ச் ஒன்று இல்லாமல் மேனுவலை வைத்துக்கொள்வது, தராசு இல்லாமல் குறிப்பைப் படிப்பதுதான். ஒரு பட்டறை முதலில் வாங்க வேண்டிய கருவி எது என்று என்னைக் கேட்டால், ஸ்கேனருக்கு முன் இதைத்தான் சொல்வேன்.

பிறகு கூலன்ட் நிரப்புதல். வேகமாக ஊற்றினால் காற்று சிக்கும். மெதுவாக ஊற்றி, ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் முழுதாகத் திருப்பி, இன்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். ஆறவிட்டு மறுபடி அளவு பார்த்து, ரேடியேட்டரை வாய் வரைக்கும், பக்கத்து டப்பாவை மேல்கோடு வரைக்கும் நிரப்ப வேண்டும். ஏசி போட்டு, ஃபேன் ஓடி நிற்கிறதா என்று ஒருமுறையாவது பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும்.

பழுது வராமல் பார்ப்பதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது. அதில் இரண்டு அட்டவணைகள் உண்டு, பெரும்பாலோர் முதலாவதோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது கடுமையான பயன்பாட்டுக்கானது. புழுதிச் சாலை, கடும் வெயில், மலைப்பாதை, இன்ஜின் சூடாவதற்குள் முடிந்துவிடும் சின்னச் சின்னப் பயணம் என்று அது பட்டியலிடுவதைப் படித்தால் நம் பகுதியைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கும். ஆர்.கே.பேட்டையில் ஓடும் காருக்கு இரண்டாவது அட்டவணைதான் சரியானது. அதன்படி ஆயிலும் ஏர் ஃபில்டரும் சீக்கிரமே மாற்ற வேண்டும். பிரேக் ஃப்ளூயிடும் அப்படித்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், நமத்துப்போகும் அப்பளத்தைப்போல. புதிய டாட்-3 ஃப்ளூயிடின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய நிலைக்குத் தரம் வைத்திருப்பது 140 தான். மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது அது கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும். பார்க்கத் தெளிவாகவே இருக்கிறது என்று விட்டுவிடாமல், அட்டவணை சொல்லும் காலத்தில் மாற்றியே ஆக வேண்டும்.

இத்தனையும் புத்தகத்தில் இருக்கிறது என்றால், புத்தகம் ஏன் பட்டறையில் இல்லை? இங்கிலாந்தில் ஜான் ஹெய்ன்ஸ் 1966-ல் தன் முதல் பட்டறைக் கையேட்டை வெளியிட்டார். ஒரு காரை முழுக்கப் பிரித்து மறுபடி பூட்டி, அந்த அனுபவத்தைப் படமெடுத்து எழுதுவது அவர் முறை. தானே சமைத்துப் பார்த்துவிட்டு எழுதிய குறிப்பு. அது கடையில் கிடைத்தது. இங்கே கம்பெனிகள் தங்கள் மேனுவலைத் தங்கள் சர்வீஸ் சென்டர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டன. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ஏறக்குறைய 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் ரிப்பேர் தகவல்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே அதற்கான இணையவாசலும் திறந்தது. கார்களும் அதில் ஒரு பிரிவு.

எனக்கு இதில் ஒரு கோரிக்கை இருக்கிறது. அத்தனை பக்கங்களையும் மொழிபெயர்க்க வேண்டாம். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் படித்துவிட்டு வரும் பையனோ, படிக்காமலே பட்டறையில் வளர்ந்த பையனோ தினமும் தொடும் இடங்கள் சிலதான். ஒவ்வொரு மாடலுக்கும் ஆயில், கூலன்ட், பிரேக் ஃப்ளூயிடு வகையும் கொள்ளளவும், வீல் நட்டு முதல் ஹெட் போல்ட் வரையான இறுக்க எண்களும் வரிசையும், தேய்மான எல்லைகளும், கடும் பயன்பாட்டு அட்டவணையும் தமிழில் நான்கு பக்கத்தில் அடங்கும். கார் விற்கும்போது சாவியோடு அந்த நான்கு பக்கத்தையும் கொடுக்க வேண்டும் என்று விதி வர வேண்டும். தமிழ்நாட்டு மண்ணில் இத்தனை கார்கள் தயாராகும்போது இது பெரிய கேள்வியே இல்லை. அதுவரை, சொந்த வண்டியின் மேனுவலை எப்படியாவது தேடிப் பிடிக்கிறவர்கள் அந்தப் பக்கங்களை மட்டும் பிரதி எடுத்து, எண்களைத் தமிழில் எழுதி, தங்கள் மெக்கானிக்கிடம் ஒரு படி கொடுக்கலாம். ஆயில் கறை படியாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஸ்பேனர் மாட்டும் பலகையிலேயே அவர் தொங்கவிட்டுக்கொள்வார்.